பக்கத்து பெஞ்சைப் பற்றிக் கேட்காதீர்கள்: கேள்வி பதில்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டதால், "நம்மை நாமே சோதித்தறிவது" பற்றிக் கேளுங்கள், புனைபெயரிலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். முதலில் ஒன்று. நான் ஐயர் (சபைப் போதகர்) இல்லை. கூட்டுறவுத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன், ஞாயிறு பள்ளி வாத்தியார், சபையை நடத்துகிற சேகரக் கமிட்டியில் இரண்டு தடவை உட்கார்ந்தவன். வேதத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டயோசிஸ் (திருச்சபை மண்டலம்) தேர்தல், கோயில் சொத்து வழக்கு இரண்டையும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

ரெண்டாவது பெஞ்ச்: "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்று மத்தேயு 7:1 சொல்கிறது. அப்படியென்றால் தப்பைத் தப்பு என்றே சொல்லக் கூடாதா, ஐயா?

சொல்லலாம். அதே பகுதியில் ஐந்தாம் வசனம் வரை படியுங்கள். முதலில் உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தை எடு, பிறகு சகோதரன் கண்ணில் இருக்கிற துரும்பை எடுக்க வகை பார்ப்பாய் என்றுதான் முடிகிறது. துரும்பும் எடுக்க வேண்டியதுதான், கண்ணில் கிடந்தால் உறுத்தும். இயேசு வரிசையைத்தான் மாற்றுகிறார்.

எனக்குப் பிடித்தது அந்த உத்திரம் என்ற சொல். திருவிவிலியம் என்கிற புதிய மொழிபெயர்ப்பில் "மரக்கட்டை" என்று போட்டிருக்கிறார்கள், அதுவும் சரிதான். ஆனால் பழைய ஓட்டு வீட்டில் பிறந்தவர்களுக்கு உத்திரம் என்றால் என்னவென்று தெரியும். மொத்தக் கூரையும் அதன் மேல்தான் நிற்கிறது. நம்முடைய பெரிய குறையும் அப்படித்தான். எங்கள் அப்பாவின் கோபத்தைப் பயந்தே எங்கள் வீடு ஒழுங்காக ஓடியது. அது குறை என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எடுத்தால் கூரை விழுந்துவிடும் என்ற பயத்தில் யாரும் அதைத் தொடவும் இல்லை. இன்னொன்று: துரும்பும் உத்திரமும் ஒரே மரச் சாதி. சொன்னவர் தச்சர் என்பதை மறக்க வேண்டாம் (மாற்கு 6:3). அடுத்தவரிடம் சட்டென்று நம் கண்ணில் படுகிற குறை, பெரும்பாலும் நம்மிடம் இருக்கிற மரம்தான்.

கடலோரம்: எங்கள் சபையில் நகை போட மாட்டோம். மற்ற சபைக்காரர்கள் கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு, கோயிலில் அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்து எடுக்கிறார்களே, அவர்கள் சோதித்தறிய வேண்டாமா?

1 பேதுரு 3:3இல் பொன்னாபரணத்துக்கு முன்னால் "மயிரைப் பின்னி" என்று இருக்கிறது. சடை பின்னாத சகோதரிகள் உங்கள் சபையில் எத்தனை பேர்? அவர்கள் சோதிப்பதை அவர்களிடம் விடுங்கள்.

மௌனி: தினமும் ராத்திரி அன்றைக்குச் செய்த பாவங்களை நோட்டில் எழுதுகிறேன். எழுத எழுத இன்னும் நினைவுக்கு வருகிறது. ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடுகிறது. எதையாவது விட்டுவிட்டேனோ என்று பயம். இது சரியான சோதித்தறிதலா, அண்ணன்?

இல்லை, தம்பி. நோட்டை இன்று மூடி வையுங்கள்.

தணிக்கைக்காரனாகச் சொல்கிறேன்: முடிவே இல்லாமல் கணக்குப் பார்த்தால் அது தணிக்கை ஆகாது. எங்காவது கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும். உங்கள் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள் இல்லை. கொரிந்து நகரத்துச் சபைக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலன் பவுல், "நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை" என்கிறார் (1 கொரிந்தியர் 4:3). நம்மைச் சோதித்துப் பார்க்கச் சொன்ன அதே பவுல்தான். நம் இருதயமே நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்தைவிடப் பெரியவர் என்று 1 யோவான் 3:20 சொல்கிறது.

கத்தோலிக்கப் புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆத்தும சோதனையில் முதல் படி நன்றி சொல்வது, பாவப் பட்டியல் அதற்கு அப்புறம்தான். நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபைக்காரன், இருந்தாலும் இதை அவரிடம் கடன் வாங்கிவிட்டேன். பத்து நிமிஷம் போதும். நன்றி இரண்டு, சரிசெய்ய வேண்டியது ஒன்று. ஒன்றுதான். அதற்கு அப்புறமும் தூக்கம் வரவில்லை, பயம் விடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

பழைய பாதை: நீங்கள் தளர்த்திப் பேசுகிறீர்கள். "அபாத்திரமாய்" (தகுதியற்ற விதமாய்) திருவிருந்து எடுக்கிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பு வரும்படி எடுக்கிறான் என்று 1 கொரிந்தியர் 11 சொல்கிறது. பாத்திரம் இல்லாதவர்கள் எழுந்து போக வேண்டும்.

பாத்திரம் இல்லாதவர்கள் எழுந்து போனால் கோயிலில் பெஞ்சுகள் மட்டும்தான் இருக்கும், பீடத்தில் நிற்பவரும் இருக்க மாட்டார். "அபாத்திரமாய்" என்பது ஆளைப் பற்றிய சொல் இல்லை. எப்படி எடுக்கிறான் என்பதைப் பற்றிய வினையடை. கிரேக்கத்திலும் அப்படித்தான்.

கொரிந்தில் எப்படி எடுத்தார்கள்? 21ஆம் வசனம்: ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான், அதாவது குடிபோதையில். வீட்டில் கூடும் சபை அது. ரோமர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் வழக்கமாக ஒன்பது பேர்தான் சாய்ந்திருக்க முடியும். வசதியானவர்கள் முன்னதாக வந்து தின்று முடித்திருப்பார்கள். அடிமையும் கூலிக்காரனும் வேலை முடிந்து வரும்போது பாத்திரம் காலி. "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று பவுல் வெடிக்கிறார். உங்களை நீங்களே சோதியுங்கள் என்ற வசனம் இந்தச் சண்டைக்கு நடுவில்தான் வருகிறது. அதிகாரத்தின் முடிவில் அவர் சொல்லும் மருந்து, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது. கோயிலில் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற நம் ஊர் அசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தியில் கறி, கடைசிப் பந்தியில் எலும்பும் குழம்பும்.

பழைய பாதை: அது சமூக விளக்கம். "கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாததினால்" என்பது அப்பத்தில் இருக்கிற கிறிஸ்துவைப் பற்றியது.

அப்படியும் வாசிக்கிறார்கள், உங்கள் பக்கம் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே (12:27) "நீங்களே கிறிஸ்துவின் சரீரமாயிருக்கிறீர்கள்" என்கிறாரே. எழுதுகிறவர் ஒரு பக்கத்துக்குள் சொல்லை மறந்துவிடுவாரா?

பழைய பாதை: அப்படியென்றால் தனிப்பட்ட பாவம் பொருட்டே இல்லையா?

நான் எங்கே அப்படிச் சொன்னேன்?

வடக்குத் தெரு: நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், அண்ணன். சாதியைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லையே?

வர வேண்டியதுதான். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே முழுவதுமாக விட வேண்டும் என்று 1833இல் எழுதி அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோயிலையே விட்டுப் போனார்கள். அவர்கள் குடிகாரர்கள் இல்லை, ஜெபிக்கிறவர்கள், ஒவ்வொரு திருவிருந்துக்கும் முன்னால் பாவ அறிக்கை சொன்னவர்கள். அந்த அறிக்கையில் இது மட்டும் வரவே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர்கள் ஒரே கோயிலைச் சாதி பிரித்து இரண்டு கூடமாகக் கட்டி நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். 1910இல் சுவரை இடித்ததற்கு எதிராக வழக்கே போட்டார்கள். சுவர் உத்திரம் மாதிரி, அதற்குள் இருப்பவனுக்கு வீடாகத்தான் தெரியும்.

இன்று சுவர் இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறோம் என்று யோசியுங்கள், நானும் யோசிக்கிறேன்.

பழைய பாதை: பேச்சை மாற்றுகிறீர்கள்.

மாற்றவில்லை. நாம் இருவரும் அரை மணி நேரமாக, அடுத்தவர் திருவிருந்து எடுக்கலாமா என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். இதோடு விடுவோம்.

ஜெபக்குழு லீடர்: எங்கள் குழுவில் ஒரு சகோதரியின் குடும்பப் பிரச்சினையை ஜெபக்குறிப்பாகப் பகிர்ந்தோம். அவர் கோபித்துக்கொண்டார். எங்கள் நோக்கம் நல்லதுதானே, பிரதர்?

அவரிடம் கேட்டுவிட்டுப் பகிர்ந்தீர்களா? இல்லையென்றால் அது புறணிதான், "ஆமென்" சேர்த்திருக்கிறீர்கள். நூறு தடவை சொல்லிவிட்டேன்: ஆண்டவருக்கு ஊர், பெயர், மாமியார் விவரம் எல்லாம் ஏற்கெனவே தெரியும்.

புதிய உறவு: நகை போடுவது பாவமா?

மேலே பாருங்கள்.

நியாயம் வேண்டும்: ஊழியர் ஒருவர் காணிக்கைப் பணத்தைத் தின்கிறார். கேட்டால் "தீர்க்காதிருங்கள்" என்கிறார்.

அந்த வசனம் ரசீதுக்குப் பதில் ஆகாது. கணக்கைக் கேளுங்கள். மறுத்தால் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளிடம் தவறாக நடந்தவர் என்றால் கமிட்டிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.

ரெண்டாவது பெஞ்ச்: நீங்கள் எப்போதாவது தவறாகத் தீர்த்ததுண்டா, ஐயா?

ஒரு வருஷம் அசனக் கணக்கு என்னிடம் வந்தது. 340 ரூபாய் இடித்தது. விறகு வாங்கியது எங்கள் கோயில்பிள்ளை, கோயில் வேலைகளைப் பார்க்கிறவர். கமிட்டியில் பத்துப் பேருக்கு முன்னால், "சீட்டு இல்லாத விறகு எப்படி எரிஞ்சுது?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாலு மாதம் கழித்து என் வேதாகம உறையின் பைக்குள் அந்த விறகுக்கடைச் சீட்டு இருந்தது. அவர் கொடுத்ததை நானே வாங்கிச் சொருகியிருக்கிறேன்.

ராத்திரியோடு ராத்திரியாக அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கதவைப் பிடித்தபடியே, "சார், கமிட்டியில சொன்னத கமிட்டியிலயே சொல்லுங்க" என்றார். அன்றைக்குத் திரும்பி வரும்போது அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. மறுமாதக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஜெபம் பண்ணி அழுததைவிட அந்த இரண்டு நிமிஷம்தான் கஷ்டமாக இருந்தது.

மௌனி: அவர் மன்னித்தாரா, அண்ணன்?

அடுத்த அசனத்தில் கறி வாளி தூக்கியது நான். அவர் இலைக்கு வந்தபோது கையை விரித்து மறைத்து, "போதும்" என்றார். அதற்கு அடுத்த வருஷமும் நான்தான் வாளி தூக்கினேன். "இன்னும் ஒரு கரண்டி போடுங்க, சார்" என்றார்.