உட்கார வைப்பது வாசனையா, நீங்களா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். என் லாப்ரடாருக்கு மூன்று வயது. பிர்ச் மர எண்ணெய் தோய்த்த பஞ்சுக் குச்சியை வீட்டில் எங்கே ஒளித்து வைத்தாலும் நொடியில் கண்டுபிடித்து உட்கார்ந்துவிடுவாள். ஆனால் அமெரிக்கன் கென்னல் கிளப் விதிப்படி நடந்த மோப்பப் போட்டியில், 'நோவிஸ்' எனும் தொடக்க நிலையில், வாசனை உள்ள பெட்டியைக் கண்டுபிடிக்கும் தேடலில் தவறான பெட்டியின் முன் உட்கார்ந்தாள். நானும் நாய் கண்டுபிடித்துவிட்டதாக நடுவரிடம் 'அலர்ட்' சொல்லித் தோற்றுவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: வீட்டில் ஒளித்து வைப்பது யார்? நீங்களே என்றால், சிக்கல் அங்கேதான். சரியான பெட்டியை நெருங்கும்போது உங்கள் நடை தளரும், கை தின்பண்டப் பை பக்கம் போகும். இதையெல்லாம் அவள் கவனித்துக்கொண்டே இருக்கிறாள். போட்டியிலோ விடை உங்களுக்கும் தெரியாது. ஏதோ ஒரு பெட்டியைச் சற்று அதிகமாக முகர்ந்ததும் நீங்கள் நின்றிருப்பீர்கள். நீங்கள் நின்றதால் அவள் உட்கார்ந்திருப்பாள்.

தொழில்முறை மோப்ப நாய்களுக்கும் இது நேர்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 18 நாய்களை அவற்றின் பயிற்சியாளர்களோடு தேடவிட்டார்கள். தேடவேண்டிய பொருள் அங்கே எதுவுமே இல்லை. ஆனால் வாசனை இருக்கும் இடத்துக்கு அடையாளம் என்று பயிற்சியாளர்களிடம் சொல்லி, சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். நாய்களின் கவனத்தைத் திருப்ப உண்மையிலேயே இறைச்சித் துண்டு மறைத்திருந்த இடங்களைவிட, காகிதம் இருந்த இடங்களில்தான் 'நாய் காட்டிவிட்டது' என்று பயிற்சியாளர்கள் அதிகம் சொன்னார்கள்.

எனவே இனி வீட்டில் வேறொருவர் ஒளித்து வைக்கட்டும். நீங்கள் பார்க்கவே கூடாது. அவள் முகரும்போது நிற்காமல் மெதுவாக நடந்துகொண்டே இருங்கள். கயிறு தளர்ந்தே இருக்கட்டும். உட்காருவதை மட்டும் நம்பாதீர்கள். வாசனை தட்டுப்பட்டதும் ஓடுகிற வேகத்தில் தலை சட்டென்று திரும்பும், திறந்திருந்த வாய் மூடும், மூச்சு குறுகி வேகமாகும். உங்களுக்கு வேண்டிய சேதி அதுதான். ஒரு மாதம் இதை மட்டும் கவனித்துப் பழகினாலே பெரிய மாற்றம் தெரியும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. பிர்ச் எண்ணெயை எடுத்த கையாலேயே மற்றப் பெட்டிகளையும் தொடுகிறீர்களா? பஞ்சுக் குச்சியை இடுக்கியால் எடுங்கள். ஒருமுறை வாசனை வைத்த பெட்டியை ஒருபோதும் வெற்றுப் பெட்டியாகப் பயன்படுத்தாதீர்கள். மூட்டுவலித் தைலம் தேய்த்த கையோடும் பெட்டிகளைத் தொடவேண்டாம். இனிப்பு பிர்ச் எண்ணெயில் மிகுதியாக இருக்கும் மெத்தில் சாலிசிலேட்தான் அத்தகைய தைலங்கள் பலவற்றிலும் இருக்கிறது.

நோவிஸ் நிலையில் பத்துப் பெட்டிகள், 2 நிமிடம். பயப்படத் தேவையில்லாத அளவுக்கு நேரம் இருக்கிறது. முதல்முறை உட்கார்ந்ததும் சொல்லிவிடாதீர்கள். இரண்டடி முன்னே நகருங்கள். உங்களோடு கிளம்பி வந்துவிட்டால் அது வெறும் ஆர்வம். நீங்கள் நகர்ந்தும் அவள் அந்தப் பெட்டியை விடாமல் மூக்கை வைத்துக்கொண்டிருந்தால், அப்போது நடுவரிடம் 'அலர்ட்' சொல்லுங்கள்.