குஸ்குஸ் கேள்வி பதில்: தண்ணீரில் அல்ல, ஆவியில்

பாரிஸின் புறநகர் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். அதில் ஒன்பது வருடம், குஸ்குஸ் என்ற வட ஆப்பிரிக்கக் கோதுமை ரவை உணவை விற்கும் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. ஆனால் நான் குஸ்குஸ் படித்தது அங்கே இல்லை, எதிர்வீட்டில். அங்கிருக்கும் அல்ஜீரிய அம்மா கபிலியா மலைப்பகுதியில் பிறந்தவர். வெள்ளிக்கிழமை மதியம் அவர் வீட்டு ஆவி எங்கள் படிக்கட்டு வரை வரும். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கோயம்புத்தூரில் இருந்து ஒரு தங்கை: பெட்டியில் போட்டிருந்தபடி கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தேன். களி மாதிரி ஒட்டிக்கொண்டது. எங்கே தவறு?

தண்ணீர் கூடிவிட்டது. அந்த முறைக்கு ஒரு கப் குஸ்குஸுக்கு ஒரு கப் கொதிநீர்தான், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். முதலில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கையால் பிசறி, உப்புப் போட்டு, பிறகு தண்ணீர் ஊற்றி மூடுங்கள். திறந்ததும் முள்ளுக்கரண்டியால் கிளறுங்கள். சாதாரணக் கரண்டியால் அமுக்கினால் கட்டி தட்டும்.

ஆனால் தங்கச்சி, அது அவசரத்துக்கு. கடையில் விற்கும் குஸ்குஸ் ஏற்கெனவே ஒரு முறை ஆவியில் அவித்து உலர்த்தியது, அதனால்தான் சுடுதண்ணீரிலேயே மெத்தென்று ஆகிவிடுகிறது. அதே பெட்டியை மொரோக்கோக்காரர் போல மூன்று தரம் ஆவியில் வைத்துப் பாருங்கள். அளவு இரண்டு மடங்குக்கு மேல் பொங்கும், ஒவ்வொரு மணியும் தனியாக நிற்கும், வயிற்றிலும் கனக்காது.

அரைக் கிலோவுக்குக் கணக்கு இது. அகலமான தாம்பாளத்தில் கொட்டி இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துத் தேய்த்து விடுங்கள். அரைக் கப் தண்ணீர் தெளித்துப் பிசறி ஆவிப் பாத்திரத்தில் அள்ளிப் போடுங்கள், அமுக்க வேண்டாம். மேலால் ஆவி வரத் தொடங்கியதும் மணி பாருங்கள், அங்கிருந்து பதினைந்து நிமிடம். தாம்பாளத்தில் கொட்டிக் கட்டிகளை உடைத்து, ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்த ஒரு கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, திரும்பவும் பதினைந்து நிமிடம். மூன்றாம் தரம் இன்னும் ஒரு கப், தேவைப்பட்டால் சற்று அதிகமும் தெளிக்கலாம். கடைசியில் கொட்டியதும் சூட்டோடு ஒரு கரண்டி வெண்ணெய்.

இரண்டு விஷயம் மறக்கக்கூடாது. கீழ்ப் பாத்திரத்தில் கொதிப்பது மேல்பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. அடுத்தது, மேல்பாத்திரத்தை மூடாதீர்கள். இட்லிச் சட்டியை மூடிப் பழகிய கை தானாக மூடியைத் தேடும். மூடினால் வியர்த்த தண்ணீர் மேலேயே சொட்டி, அந்த இடம் களியாகிவிடும்.

மதுரை வாசகர்: குஸ்குஸ் என்பது கசகசாதானே? பாயசத்துக்குப் போடுவது?

இல்லை. கசகசா விதை. குஸ்குஸ், துரும் என்ற கடினக் கோதுமையின் ரவையைத் தண்ணீரும் மாவும் தெளித்து உருட்டிச் செய்த மணி.

சேலம் வாசகி: குக்கரில் எத்தனை விசில் விட வேண்டும்?

ஒரு விசிலும் வேண்டாம் அம்மா. குக்கரை மறந்துவிடுங்கள். இடியப்பச் சட்டியோ இட்லிச் சட்டியோ போதும். துளை பெரிதாக இருந்தால் இட்லித் துணியை நனைத்துப் பிழிந்து விரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாத்திரமும் சேரும் இடத்தில் ஆவி கசிந்தால், மாக்கரைசலில் தோய்த்த துணிப்பட்டியைச் சுற்றிக் கட்டுங்கள். மொரோக்கோவில் பல வீடுகளில் இதற்கென்றே ஒரு துணி இருக்கும். பக்கத்தால் ஆவி போனால் மணிகளுக்கு நடுவே எது ஏறும்?

லண்டனில் இருந்து ஒரு தம்பி: குழம்பை எப்படி வைப்பது? ஏழு காய்கறி என்கிறார்களே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கீழ்ப்பாத்திரத்தில் குழம்பு கொதிக்க, அதன் ஆவியிலேயே மேலே குஸ்குஸ் அவியும். அடுப்பும் ஒன்று, வாசமும் ஒன்று.

மொரோக்கோ முறையில் ஆட்டிறைச்சியை எலும்போடு பெரிய துண்டாக வெட்டி, வெங்காயம், தக்காளி, இஞ்சி, மிளகு, மஞ்சள், வசதி இருந்தால் குங்குமப்பூ சேர்த்து வதக்குங்கள். இரவே ஊறவைத்த கொண்டைக்கடலையைப் போட்டு நிறையத் தண்ணீர் விடுங்கள். கொத்தமல்லித் தழையை ஒரு பிடி நூலால் கட்டிப் போடுங்கள், பரிமாறும்போது எடுத்துவிடலாம். இறைச்சி முக்கால் பதம் வெந்ததும் கரட், டர்னிப், முட்டைக்கோஸ். பூசணியும் சுக்கினியும் கடைசி இருபது நிமிடத்தில்தான், முதலிலேயே போட்டால் கரைந்துபோகும். காயைக் கறிக்கு நறுக்குவது போல் சின்னதாக நறுக்கக்கூடாது. கரட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் போதும்.

குழம்பு ரசம் போல ஓட வேண்டும், கெட்டியானால் மணிக்குள் இறங்காது. ஏழு என்பது கண்டிப்பான கணக்கு இல்லை. அந்தப் பருவத்தில் சந்தையில் நல்லதாக இருப்பதைப் போடுங்கள். இன்னொரு நாள் காய்க்குப் பதிலாகத் தஃபாயா செய்து பாருங்கள்: வெங்காயத்தை மெல்லிய தீயில் உலர்திராட்சை, கறுவா, தேனோடு மணிக்கணக்கில் சுருள வதக்கி, குஸ்குஸின் தலையில் வைப்பது.

திருநெல்வேலி வாசகர்: குஸ்காவும் இதுவும் ஒன்றா?

குஸ்கா பிரியாணி அரிசிச் சோறு. இது கோதுமை. ஒன்றில்லை.

சென்னை வாசகி: சர்க்கரை நோய்க்கு நல்லது, சிறுதானியம் என்று கடையில் சொன்னார்கள்.

தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். சாதாரணக் குஸ்குஸ் ரவைதான். 100 கிராம் உலர் குஸ்குஸில் 77 கிராம் மாவுச்சத்து, சுமார் 375 கலோரி. ரவை உப்புமாவுக்கு உங்கள் மருத்துவர் என்ன அளவு சொல்கிறாரோ, அதே அளவை இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே கூடாது. மொரோக்கோவில் வாற்கோதுமையிலும், செனகலில் கம்பு மாவிலும் உருட்டுகிறார்கள். கம்புக் குஸ்குஸ் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள்.

டொரொன்டோவில் இருந்து ஓர் அண்ணா: இது நம்முடைய பிட்டு! அரபு வணிகர்கள் கொண்டுபோய்ப் பெயரை மாற்றிவிட்டார்கள்.

அண்ணா, முதல் தரம் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கொண்டுபோனதற்கு ஒரு சான்றும் இல்லை. கபிலியாவில் இதன் பெயர் செக்சு, அது வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான அமாசிக் மக்களின் சொல். 13ஆம் நூற்றாண்டு அந்தலூசிய (முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினின்) சமையல் நூலிலேயே குஸ்குஸ் இருக்கிறது. அவர்களுடைய கைவேலையை நம்முடையது என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அதே அண்ணா: மாவில் தண்ணீர் தெளித்து ஆவியில் அவிப்பது இரண்டிலும் ஒன்றுதானே? எங்கே வித்தியாசம்?

கையில். யாழ்ப்பாணத்தில் அம்மா மாவில் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து, சுண்டு என்ற அளவுக் குவளையின் விளிம்பால் கொத்திக் கொத்தித் துகளாக்குவார். அதாவது பெரிதை உடைத்துச் சிறிதாக்குகிறோம். எதிர்வீட்டு அம்மா செய்வது நேரெதிர். அகன்ற மரத்தட்டில் ரவையைப் பரப்பி, உப்பு கலந்த பச்சைத் தண்ணீரை விரல் நுனியால் உதறுவார். விரல்களை விரித்து, உள்ளங்கை தட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வட்டமாகச் சுற்றுவார். மேலே மெல்லிய மாவைத் தூவி மறுபடி சுற்றுவார். ஒவ்வொரு ரவையும் மாவுச் சட்டை போட்டுக்கொண்டு மெதுவாகப் பருக்கும். மழைத்தூறல் ஓலையில் விழுவது போல ஒரு சத்தம் வரும். பிறகு சல்லடைகளில் சலித்துப் பெரியது, சிறியது பிரித்து, ஆவி காட்டி வெயிலில் காயவைப்பார். காய்ந்தது மாதக்கணக்கில் இருக்கும். பிட்டை அப்படி வைக்க முடியுமா? அது அன்றைக்கே தேங்காய்ப்பூவோடு சாப்பிட வேண்டியது.

தஞ்சாவூர் வாசகர்: அப்படியானால் இது பிட்டே இல்லை, ரவை உப்புமா என்று சொல்லலாமே?

உப்புமா தண்ணீரில் வேகிறது. குஸ்குஸ் ஆவியில் வேகிறது. இதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பருத்தித்துறையில் இருந்து ஓர் அக்கா: அண்ணாவுக்காக ஒன்று கேட்கிறேன். பிட்டு அவிக்கும் எங்கள் ஓலைக்கூடை, நீத்துப்பெட்டியில் இதை அவிக்கலாமா? பனையோலை ஆவியை இழுத்துக்கொள்ளும், மேலே தண்ணீர் சொட்டாது.

அக்கா, உங்கள் கேள்வி என்னை எழுந்து நடக்க வைத்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா இப்போது அலுமினியப் பாத்திரம்தான் வைத்திருக்கிறார். ஆனால் அவருடைய பாட்டி வைத்திருந்தது அல்ஃபாப் புல்லில் பின்னிய கூம்புக் கூடை. வட ஆப்பிரிக்காவில் பல இடங்களில் முன்பு அதுதான் ஆவிப் பாத்திரம். அவர் கையால் காற்றில் வரைந்து காட்டிய வடிவம் நீத்துப்பெட்டியேதான். யாரும் யாரிடமிருந்தும் எடுத்திருக்க வேண்டியதில்லை. ஓலையும் புல்லும் கையில் இருந்தவர்கள், ஆவியின் குணத்தைத் தெரிந்துகொண்டு ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். தாராளமாக அவியுங்கள். பெட்டியை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள், பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், பிட்டுக்கு மூடும் மூடியை மட்டும் போடாதீர்கள்.

டொரொன்டோ அண்ணா: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயே எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று சண்டை போடுகிறார்களாமே?

போட்டார்கள். பிறகு அல்ஜீரியா, மொரோக்கோ, துனிசியா, மொரித்தானியா நான்கும் சேர்ந்து விண்ணப்பித்து, 2020 டிசம்பரில் குஸ்குஸ் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. எல்லைப் பிரச்சினைகளில் முகம் திருப்பும் நாடுகள் இந்த ஒரு தட்டுக்காக ஒன்றாகக் கையெழுத்து வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

ஈரோடு வாசகி: குக்கரில் வைத்தால் எத்தனை விசில்?

மேலே சேலம் வாசகிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

தூத்துக்குடி வாசகர்: மீன் போட்டுச் செய்யலாமா?

துனிசியாவில் கடலோர ஊர்களில் அதுதான் பெருமை. தக்காளி விழுதும் ஹரிஸா மிளகாய் விழுதும் போட்டுக் குழம்பு சிவக்க இருக்கும். மீனைக் கடைசியில், குழம்பு சேர்ந்த பிறகு போடுங்கள். கெட்டிச் சதையுள்ள களவாய் நன்றாக நிற்கும். கடலுக்கு அந்தப் பக்கம், இத்தாலியின் திராபானியிலும் மீன் குஸ்குஸ்தான்.

சிட்னியில் இருந்து ஒரு தங்கை: முத்து போல உருண்டையாக விற்பதும் இதுதானா? அதற்கும் மூன்று தரம் ஆவியா?

இல்லை. அது வறுத்த பாஸ்தா. அதை மட்டும் தண்ணீரில் வேகவைக்கலாம்.

கொழும்பு வாசகி: விருந்தாளிகள் வருகிறார்கள். எப்படிப் பரிமாறுவது? நம் கறித்தூள் போடலாமா?

கறித்தூள் வேண்டாம் தங்கச்சி. அதைப் போட்டால் நம்முடைய கறிதான் தெரியும். உறைப்பு வேண்டுமென்றால் ஹரிஸாவைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

பரிமாற ஒரே பெரிய தட்டு. குஸ்குஸைக் குன்று போலக் குவித்து நடுவில் குழி செய்து இறைச்சியை வையுங்கள். காய்களைச் சுற்றிலும் சாய்த்து நிறுத்துங்கள். குழம்பை ஒரு அகப்பை, பிறகு ஒரு அகப்பை என்று மேலே ஊற்றி, குடிக்கவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். மிச்சக் குழம்பு கிண்ணத்தில் பக்கத்தில் இருக்கட்டும், முழுவதையும் கவிழ்த்தால் அத்தனை நேர உழைப்பும் களியாகிவிடும். எல்லோரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, தன் முன்னால் இருக்கும் பங்கிலிருந்து உள்நோக்கிச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகாது. வீட்டம்மாதான் இறைச்சியைப் பிய்த்து ஒவ்வொருவர் முன்னாலும் வைப்பார். நான் முதல் நாள் போனபோது, எதிர்வீட்டு அம்மா தன் பங்கின் பூசணித் துண்டையும் என் பக்கம் தள்ளினார்.

திருச்சி வாசகர்: மிஞ்சியதை மறுநாள் என்ன செய்வது?

குழம்பு படாத குஸ்குஸைத் தனியே எடுத்து வைத்திருந்தால், கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் ஆவி காட்டுங்கள். மூடாமல். வெயில் காலமென்றால் சுட வைக்கவே வேண்டாம். மொரோக்கோவில் ஆறிய குஸ்குஸில் குளிர்ந்த மோர் ஊற்றி, சைகூக் என்று தெருவில் கிண்ணத்தில் விற்பார்கள். நம் மோர்ச் சோறு போலவேதான், உப்பும் தேவைப்படாது. கரண்டியால் ஒரு வாய் எடுத்துப் பாருங்கள், மணி மணியாக நாக்கில் உருளும்.