ஜாஸ் பியானோவை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்? இடக்கையிலிருந்து

கேள்வி: "ஜாஸ் பியானோ கேட்க ஆசையாக இருக்கிறது. தனியாக வாசித்த ஆல்பங்களும் மூவர் குழுவாக வாசித்த ஆல்பங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. எதில் தொடங்குவது? இரண்டையும் கேட்கும் முறையில் ஏதாவது வேறுபாடு உண்டா?"

நேராகப் பதிலுக்கு வருகிறேன். அமெரிக்கப் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1958 டிசம்பரில் நியூயார்க்கில் தனியாக வாசித்துப் பதிந்த 'பீஸ் பீஸ்' என்பதில் தொடங்குங்கள். தமிழில் எழுதும்போது இரண்டு சொற்களும் ஒன்றுபோலவே விழுகின்றன. முதலாவது அமைதி, இரண்டாவது இசைத்துண்டு. 'எவ்ரிபடி டிக்ஸ் பில் எவன்ஸ்' என்ற ஆல்பத்தில் இருக்கிறது. ஆறரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். கேட்கும்போது வலக்கையின் மெட்டைத் துரத்தாதீர்கள். இடக்கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வரும் இரண்டு ஸ்வரக்கூட்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், ஆங்கிலத்தில் chord) ஊஞ்சல்போல வந்து வந்து போகின்றன. ஏறக்குறைய கடைசிவரை அந்த அசைவு மாறவே இல்லை. வலக்கை முதலில் அதனோடு இணக்கமாகப் பேசுகிறது. பிறகு மெல்ல விலகிப்போய், மேல் ஸ்தாயியில் பறவைகள் கலைந்ததுபோலச் சிதறி, சுருதிக்குப் பொருந்தாத இடங்களையெல்லாம் தொட்டுவிட்டு, வீடு திரும்புகிறது. அவ்வளவு தூரம் போய்வர முடிவதற்குக் காரணம், இடக்கை இருந்த இடத்தைவிட்டு அசையாததுதான்.

தனியாக வாசிக்கும் பியானோ கலைஞருக்கு இடக்கைதான் எல்லாச் சுமையும் தாங்கும் கை. தாளத்தை நிறுத்துவதும், அடி ஸ்வரத்தைக் கொடுப்பதும், ஸ்வரக்கூட்டைக் காட்டுவதும் அதன் வேலை. பக்கத்தில் ஒரு டபுள் பாஸ் (ஆளுயர வயலின் போன்ற, கீழ் ஸ்தாயித் தந்திவாத்தியம்) கலைஞரும் ஒரு டிரம்ஸ் கலைஞரும் வந்து நின்றுவிட்டால் அந்தச் சுமையில் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது. சுமை இறங்கிய கை என்ன செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்பதைக் கவனித்தால் நீங்கள் கேட்ட வேறுபாடு காதிலேயே பிடிபட்டுவிடும்.

இதைச் சோதித்துப் பார்க்க எவன்ஸே ஒரு வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த 'சம் அதர் டைம்' என்ற பாடலுக்கு முன்னுரையாக அவர் வாசிக்கத் தொடங்கியதுதான் வளர்ந்து தனி உருவாகி 'பீஸ் பீஸ்' ஆனது. மூன்றாண்டுக்குள் அதே பாடலை, அதே இடக்கை அசைவோடு, ஸ்காட் லஃபாரோவின் பாஸும் பால் மோஷனின் டிரம்ஸும் உடனிருக்க அவர் மறுபடி வாசித்தார். 'வால்ட்ஸ் ஃபார் டெபி' ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் ஒருவர் இருட்டறையில் தனியே உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவதில் அதே அறையில் வேறு இருவர் மூச்சுவிடுவது கேட்கிறது.

அந்த இரண்டாவது பதிவு 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் 'வில்லேஜ் வான்கார்ட்' என்ற நிலவறை அரங்கில் நடந்தது. பிற்பகலில் இரண்டு அமர்வு, இரவில் மூன்று. அந்த ஒரே நாளிலிருந்து முதலில் இரண்டு ஆல்பங்கள் வந்தன: 'சண்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. டெபி என்பவர் பில் எவன்ஸின் அண்ணன் மகள். பின்னாளில் முழு நாளும் வரிசை மாறாமல் ஒரே தொகுப்பாக வெளிவந்தது. மின்சாரம் தடைப்பட்டு நடுவில் அறுந்துபோன முதல் உருப்படியையும் அதில் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

நான் இதை இரண்டு வருடங்கள் தவறாகக் கேட்டேன். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுச் சமையலறையில் வேலை பார்ப்பேன். இனிமையான பியானோ, பின்னணியில் ஏதோ இரைச்சல். அம்மாதான் ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, இவர் இவ்வளவு உருகி வாசிக்கிறார், அங்கே யாரோ டம்ளரை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்களே, யாருமே கேட்கவில்லையா?" அதுவரை எனக்கு டம்ளர் ஓசை காதில் விழவில்லை. அன்று இரவு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு 'மை ஃபூலிஷ் ஹார்ட்' கேட்டேன். கண்ணாடிக் கோப்பை மேசையில் படும் ஓசை. எங்கோ ஒரு சிரிப்பு. அவற்றுக்கு நடுவே மோஷன் கம்பித் தூரிகையால் டிரம்ஸின் தோலைத் தடவும் சரசரப்பு. அதற்கும் கீழே, கைப்பேசி எனக்கு இத்தனை நாள் தராமலே ஏமாற்றிய லஃபாரோவின் பாஸ். ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு, அது தேய்ந்து மறையும் வரை அவர் பொறுத்திருக்கிறார். எவன்ஸ் அந்த ஸ்வரத்தின் மேல்தான் அடுத்த ஸ்வரக்கூட்டைக் கொண்டுவந்து வைக்கிறார். நான் அதுவரை கேட்டது மூன்றில் ஒரு பங்கு இசையை மட்டுமே.

ஆகவே மூவர் குழுவைக் கேட்கும்போது முதல் இரண்டு முறை பியானோவை மறந்துவிட்டு பாஸைப் பின்தொடருங்கள். அதற்குக் காது பழக, அதே நாளில் வாசித்த 'குளோரியாஸ் ஸ்டெப்' சரியாக இருக்கும். அக்காலத்துப் பாஸ் கலைஞர்களின் வழக்கமான வேலை, தாளத்துக்கு நான்கு அடி வீதம் சீராக நடந்துபோவது. லஃபாரோ அப்படி நடப்பதோடு நிற்பதில்லை. பியானோ ஒரு வாக்கியம் சொன்னால் மேல் ஸ்தாயிக்கு ஏறிப் பதில் சொல்கிறார், சில நேரம் வாக்கியம் முடியும் முன்பே. எவன்ஸ் அதைக் கேட்டு இடக்கையை எடுத்துவிடுகிறார். அந்த இடைவெளியில் பாஸ் பாடுகிறது.

அந்த ஞாயிறு கழிந்து பதினோரு நாளில், ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. எவன்ஸ் மாதக்கணக்கில் மேடையேறவில்லை. அந்த ஞாயிற்றின் முதல் ஆல்பமான 'சண்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்'டுக்கு உருப்படிகளைத் தேர்ந்தெடுத்தபோது அவரும் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸும் லஃபாரோவின் வாசிப்பு ஓங்கி நிற்பவற்றையே எடுத்தார்கள். அது லஃபாரோ இயற்றிய 'குளோரியாஸ் ஸ்டெப்'பில் தொடங்கி, அவரே இயற்றிய 'ஜேட் விஷன்ஸ்'ஸில் முடிகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த ஆல்பத்தை என்னால் வேலைக்கு நடுவே போட முடியவில்லை.

மூவர் குழுவுக்கு வேறொரு முகமும் உண்டு: பியானோ கலைஞர் அஹ்மத் ஜமால். 'அட் தி பெர்ஷிங்: பட் நாட் ஃபார் மீ' ஆல்பத்தைக் கேளுங்கள். 1958 ஜனவரி 16 அன்று சிகாகோவின் பெர்ஷிங் ஹோட்டலில், பாஸில் இஸ்ரேல் கிராஸ்பி, டிரம்ஸில் வெர்னல் ஃபூர்னியே. 'பாயின்சியானா' எட்டு நிமிடம் ஓடுகிறது. அதில் ஜமால் வாசிக்காத இடங்கள்தாம் என்னை இழுக்கின்றன. நியூ ஆர்லியன்ஸ்காரரான ஃபூர்னியே இரண்டு பேர் சேர்ந்து அடிப்பதுபோல ஒரு தாளத்தைச் சுழலவிடுகிறார். ஜமால் சும்மா உட்கார்ந்திருந்து, வேண்டிய இடத்தில் நாலு கட்டைகளைத் தட்டிவிட்டு மீண்டும் கையைக் கட்டிக்கொள்கிறார். இந்தச் சிக்கனத்தை டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வெளிப்படையாகவே கொண்டாடினார். நூறு வாரங்களுக்கு மேல் விற்பனைப் பட்டியலில் இருந்த ஆல்பம் இது. அவ்வளவு பேர் வாங்கியதாலேயே சில விமர்சகர்கள் அன்று இதை மட்டமாக எடைபோட்டார்கள். அவர்கள் கேட்டது போதாது என்றுதான் சொல்வேன்.

இனி தனி வாசிப்பு. ஆர்ட் டேட்டமில் தொடங்காதீர்கள். வேகத்திலும் துல்லியத்திலும் அவருக்கு நிகர் எவரும் இல்லை, ஆனால் புதிதாகக் கேட்பவருக்கு மூச்சுமுட்டும். ஆறு மாதம் கழித்து வாருங்கள்.

தெலோனியஸ் மங்க் 1957 ஏப்ரலில் பதிந்த 'தெலோனியஸ் ஹிம்செல்ஃப்' ஆல்பத்தின் மறுவெளியீட்டில், அவரே இயற்றிய 'ரவுண்ட் மிட்நைட்'டை ஒலிப்பதிவுக்கூடத்தில் தேடித் தேடி வாசிக்கும் 21 நிமிடப் பதிவு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அதை முழுதாகக் கேளுங்கள். ஓரிடத்துக்கு வருகிறார், நிற்கிறார், இடக்கையில் ஒரு ஸ்வரத்தை மாற்றிப் பார்க்கிறார், பிடிக்கவில்லை, திரும்புகிறார். பத்தாண்டுக்கு மேலாக உலகமே வாசித்துக்கொண்டிருந்த தன் சொந்த மெட்டை அன்றுதான் முதன்முதலாகக் கண்டவர்போல ஒரு மனிதர் துழாவிக்கொண்டிருக்கிறார். மனோதர்மம் என்ற சொல்லுக்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

கீத் ஜாரெட்டின் 'தி கொலோன் கான்சர்ட்' பற்றி உங்களுக்கு எப்படியும் யாராவது சொல்வார்கள். 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கொலோன் நகர ஓபரா அரங்கு. ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டஸ் என்ற 18 வயதுப் பெண். ஜாரெட் கேட்ட பெரிய பியானோவுக்குப் பதிலாக, ஒத்திகைக்குப் பயன்படும் ஒரு சிறிய பியானோ மேடையில் நின்றது. மேல் ஸ்தாயி தகரம்போல ஒலித்தது, கீழ் ஸ்தாயியில் கனமில்லை, பெடல்கள் சரியாக வேலை செய்யவில்லை. முதுகு வலியோடு வந்திருந்த ஜாரெட் முதலில் மறுத்துவிட்டார். வேரா கெஞ்சிச் சம்மதிக்கவைத்தார். இரவு பதினொன்றரைக்குத் தொடங்கியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதிகம், அதன் விளைவை இடக்கையில் கேட்பவர்கள் குறைவு. அடி ஸ்வரம் முழங்காத பியானோவில் ஒருமுறை அடித்துவிட்டு ஒலி நிறையட்டும் என்று காத்திருக்க முடியாது. அதனால் ஜாரெட் இடக்கையை ஓயாமல் சுழற்றுகிறார். முதல் பகுதியில் ஏறத்தாழ 12 நிமிடங்கள் இரண்டே ஸ்வரக்கூட்டுகளுக்குள் நின்று ஆடுகிறார். இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் இடக்கை ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப அடித்து, இல்லாத பாஸையும் இல்லாத டிரம்ஸையும் தானே உண்டாக்கிக்கொள்கிறது. நடுநடுவே அவர் முனகுவதும் கேட்கும். எனக்கு அது இடைஞ்சலாக இருந்ததில்லை. கையால் எட்டமுடியாத ஸ்வரத்தைத் தொண்டை தேடுகிறது என்றே கொள்கிறேன்.

2018இல் ஜாரெட்டுக்கு இருமுறை பக்கவாதம் வந்தது. செயலிழந்தது இடப்பக்கம். இப்போது கொலோனைக் கேட்கும்போது அந்தச் சுழலும் கையை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

கடைசியாக, இன்னொரு இணை. டியூக் எலிங்டன் 1962 செப்டம்பரில் சார்ல்ஸ் மிங்கஸ் (பாஸ்), மேக்ஸ் ரோச் (டிரம்ஸ்) இருவரோடும் பதிந்த 'மணி ஜங்கிள்' ஆல்பத்தில் 'ஃப்ளூரெட் ஆப்ரிக்கேன்' என்று ஒன்று உண்டு. எலிங்டன் எளிய ஒரு மெட்டை நிதானமாக வைக்கிறார். மிங்கஸின் பாஸ் அதன் பின்னால் சிறகடித்துக்கொண்டே இருக்கிறது. அதே உருப்படியை, அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விஜய் ஐயர், 2010இல் வெளிவந்த தன் 'சோலோ' ஆல்பத்தில் தனியாக வாசித்திருக்கிறார். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு முதலில் எலிங்டன், பிறகு ஐயர். மிங்கஸின் அந்தச் சிறகடிப்பு ஐயரின் எந்தக் கைக்குப் போயிற்று என்று கேட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.