அனிமேட்டர்கள் ஒரு படத்தில் எதைப் பார்ப்பார்கள்?

கேட்டவர் இரண்டு கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்: அனிமேஷன் துறையில் இருப்பவர்கள் ஒரு படத்தில் எதைக் கவனிப்பார்கள், அந்த வேலை உள்ளிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று. முப்பரிமாண அனிமேஷனில் பாத்திரங்களை நடிக்கவைக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எது கடினம் என்று தெரிந்துவிட்டால் எதை ரசிப்பது என்பதும் தெரிந்துவிடும், ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

வெளியில் இருப்பவர்கள் மலை வெடிப்பதையும் டிராகன் பறப்பதையும் பார்த்து வாய்பிளப்பார்கள். அவற்றில் உழைப்பு இல்லாமல் இல்லை. ஆனால் டிராகனை யாரும் நேரில் பார்த்ததில்லை. அது கொஞ்சம் முன்னே பின்னே பறந்தாலும் ஒப்பிட்டுக் குறை சொல்ல ஆளில்லை. ஒரு கிழவர் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதையோ எல்லோரும் சிறு வயதிலிருந்து பார்த்துவருகிறார்கள். அதில் நாலைந்து ஃபிரேம், அதாவது அசைவாகத் தெரியும் தனித்தனிப் படங்கள், பிசகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். காரணம் சொல்லத் தெரியாது. ‘என்னவோ பொம்மை மாதிரி இருக்கிறது’ என்பார்கள்.

அந்தக் கிழவரையே எடுத்துக்கொள்வோம். எழுவதற்கு முன் பாதங்கள் நாற்காலிக்கு அடியில் பின்னுக்கு இழுபடும். கைகள் கைப்பிடியை அழுத்தும். அழுத்தும்போது தோள்கள் காதுப் பக்கம் ஏறும். மார்பு முன்னால் சாய்ந்து, உடலின் பாரம் பாதங்களுக்கு மேல் வந்த பிறகுதான் இடுப்பு இருக்கையை விட்டுக் கிளம்பும். நிமிர்ந்ததும் ஒரு கணம் நிற்பார். பாரம் ஒரு காலுக்கு மாறாமல் மற்றக் கால் தரையை விட்டு எழாது. அதோடு, இடுப்பும் மார்பும் தலையும் கைகளும் ஒரே ஃபிரேமில் அசைவை நிறுத்தக் கூடாது. ஒவ்வொன்றும் சற்று முன்பின்னாக அடங்க வேண்டும். இத்தனையும் மூன்று நான்கு விநாடிக்குள் முடிந்துவிடும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்பதால், கணக்குப் பார்த்தால் எழுபதிலிருந்து நூறு ஃபிரேம் வரை. பெரிய திரைப்படம் என்றால் ஓர் அனிமேட்டரின் ஒரு வாரத்து வேலை ஏறக்குறைய இவ்வளவுதான். தொலைக்காட்சித் தொடர் என்றால் அதே வாரத்தில் பல மடங்கு கேட்பார்கள். தொடர்களில் பாத்திரங்கள் நின்ற இடத்தில் நின்றபடியே நிறையப் பேசுவதற்குக் கதாசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்த தலைவலி, தொடுவது. ஒரு பாத்திரம் இன்னொன்றிடம் ஒரு கோப்பையைக் கொடுக்கிறது என்று திரைக்கதையில் ஒரு வரி இருக்கும். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பை ஒரு குறிப்பிட்ட ஃபிரேம் வரை இந்தக் கையுடன் கட்டப்பட்டது, அடுத்த ஃபிரேமிலிருந்து அந்தக் கையுடன். கட்டு மாறும் இடத்தில் கோப்பை துள்ளும். விரல்கள் பீங்கானுக்குள் புதையும். ஒவ்வொரு விரலையும் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, பிடிப்பு இருக்கிறது, கனம் இருக்கிறது என்று நம்பவைக்க வேண்டும். பார்ப்பவர்கள் அப்படி ஒரு ஷாட் இருந்ததையே கவனிக்காவிட்டால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள். சட்டை போட்டுக்கொள்வது, தலைமுடியைக் கோதிவிடுவது, கட்டித்தழுவுவது எல்லாம் இதே ரகம். இரண்டு பாத்திரங்கள் நெடுநேரம் தழுவி நின்றால் அரங்கில் எல்லோருக்கும் கண் கலங்கும். எங்களுக்கும் கலங்கும், காரணம் வேறு.

இதைத் தாண்டினால் சிந்தனை. ஒரு பாத்திரம் திரும்பிப் பார்க்கும்போது பெரும்பாலும் கண்கள் முதலில் நகரும், தலை பின்னால் வரும். இடையில் ஓர் இமைத்தட்டல் இருக்கும். அந்த இமைத்தட்டலை இரண்டு ஃபிரேம் முன்னால் வைத்தால் ‘புரிந்துவிட்டது’, நான்கு ஃபிரேம் பின்னால் வைத்தால் ‘நம்ப மறுக்கிறான்’. வசனம் இல்லாத இடத்தில் இதைப் பாருங்கள். லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1926-இல் வெளியிட்ட ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ முழுவதும் கத்தரித்த நிழலுருக்களால் ஆனது. முகபாவம் காட்ட வழியே இல்லை. கழுத்தின் சாய்வும் மணிக்கட்டின் திருப்பமும் மட்டும்தான் கையிருப்பு, ஆனாலும் யாருக்குக் கோபம், யாருக்கு ஆசை என்று குழப்பம் வராது. இந்தத் துறைக்கு வர விரும்புகிறவர்கள் புதிய மென்பொருளைத் தேடும் முன் இந்தப் படத்தைப் பார்க்கலாம்.

‘எவ்வளவு வழுவழுப்பாக அசைகிறது!’ என்று பாராட்டுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சச்சரவு உண்டு. வழுவழுப்பு தரம் ஆகாது. கையால் வரையும் அனிமேஷனில் ஒரு சித்திரத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு வைத்திருந்து, விநாடிக்குப் பன்னிரண்டு சித்திரங்களோடு முடிப்பது நெடுங்காலப் பழக்கம். வேகமான அசைவுக்கு மட்டும் ஃபிரேமுக்கு ஒன்றாக வரைவார்கள். 2018-இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தில் இதையே கதை சொல்லப் பயன்படுத்தினார்கள். காட்டில் வலைவீசித் தாவும் காட்சியில் அனுபவசாலியான ஸ்பைடர்-மேன் பீட்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைகிறார். அப்போதுதான் கற்றுக்கொள்ளும் மைல்ஸ் இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை அசைகிறான். அவன் தடுமாறுகிறான் என்று வசனம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு போஸ்களுக்கு நடுவே மென்பொருள் தானாக நிரப்பித் தரும் இடைநிலைகளை வேண்டாம் என்று ஒதுக்கித்தான் இந்த நயம் கிடைத்தது.

சிக்கனமும் கலையாகலாம் என்பதற்கு ஜப்பானில் 1963-இல் தொடங்கிய ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சித் தொடர் சாட்சி. அதைப் படைத்த ஒசாமு தெசுகாவின் குழு வாராவாரம் ஓர் அத்தியாயம் தர வேண்டியிருந்ததால், சித்திரங்களைக் குறைத்து, வாயை மட்டும் அசைத்து, முன்பு வரைந்ததையே திரும்பப் பயன்படுத்தினார்கள். அந்தச் சிக்கனத்திலிருந்து ஒரு தனி அழகியலே பிறந்தது. ஆனால் தயாரிப்புச் செலவை விடக் குறைந்த விலைக்கு அந்தத் தொடரைக் கொடுத்ததும், அங்குள்ள கலைஞர்களின் ஊதியம் நெடுங்காலம் தாழ்ந்தே இருந்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சித்திரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் இடைநிலை ஓவியர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அழகியலையும் கூலியையும் பிரித்துப் பேச என்னால் முடிவதில்லை.

அன்றாட வேலையைக் கேட்டால், பெரும்பகுதி மறுவேலைதான். ஷாட் கையில் வந்ததும் முதலில் நாமே நடித்துப் படம்பிடித்துக்கொள்வோம். கண்ணியமான மனிதர்கள் மூடிய அறைக்குள் முயல்போல் தத்துவதையும் தரையில் உருள்வதையும் அப்போது காணலாம். பிறகு முக்கியமான போஸ்களை மட்டும் வைப்பது பிளாக்கிங். அதை இயக்குநர் ஏற்றுக்கொண்டால் இடைநிலைகள், அதன் பிறகு விரல்நுனி வரை மெருகேற்றல். அன்றைய வேலையைத் திரையில் போட்டு எல்லோர் முன்னிலையிலும் அலசும் கூட்டத்துக்கு டெய்லீஸ் என்று பெயர். அங்கே ‘இன்னும் கொஞ்சம் உயிர் வேண்டும்’ என்று ஒரு குறிப்பு வரும். அதை எத்தனை ஃபிரேம், பாத்திரத்தை அசைக்கும் கணினி எலும்புக்கூட்டில் எந்த எலும்பு என்று மொழிபெயர்த்துக்கொள்வதில்தான் அனுபவம் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஒப்புதல் கிடைத்து முடிந்துபோன ஒரு தொடர்காட்சியை, கதையை மாற்றிவிட்டோம் என்று சொல்லி அப்படியே தூக்கினார்கள். மாற்றுக்காட்சிக்கும் பழைய கெடு தேதிதான். வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் எங்கே போனாலும் இது நடக்கும், கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பதில்தான் வேறுபாடு. படம் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்துவிடும் என்பதால், சுவரொட்டி ஒட்டப்படும் நேரத்தில் அதைச் செய்தவர்களில் பாதிப்பேர் வேறிடத்தில் வேலை தேடிக்கொண்டிருப்பார்கள்.

பொறுமைக்கு எல்லை கேட்டால், ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘தி விண்ட் ரைசஸ்’ (2013) படத்தில் நிலநடுக்கத்துக்குப் பின் மக்கள் கூட்டம் முண்டியடிக்கும் ஒரு ஷாட் இருக்கிறது. ஓடும் நேரம் நான்கு விநாடி. எய்ஜி யமமோரி என்ற அனிமேட்டர் அதை வரைய ஓராண்டு மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனியாக எங்கோ போகவேண்டியவர்களாக இருக்கிறார்கள். இரண்டு பேர் ஒரே மாதிரி நடப்பதில்லை. அத்தகைய நேரத்தைக் கொடுக்கும் நிறுவனங்கள் அபூர்வம், அதைச் சொல்லிவிட வேண்டும்.

பெயர்ப்பட்டியல் ஓடும்போது எழுந்து போகாதீர்கள் என்று ஒரு வேண்டுகோளும் உண்டு. 1937-இல் வெளிவந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் செல்லுலாய்டு தாள்களில் மையிட்டு வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பெயர் திரையில் வரவில்லை. 1941-இல் டிஸ்னி நிறுவனத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் சம்பளத்தோடு திரையில் பெயர் வராததும் ஒரு மனக்குறையாக இருந்தது. டிஸ்னியின் கார்ட்டூன் நாயான கூஃபிக்கு அந்த அசட்டு நடையையும் குணத்தையும் கொடுத்தவர்களில் முதன்மையானவரான ஆர்ட் பாபிட்டை அவர் தொழிற்சங்கத்தில் இருந்ததற்காக வேலையை விட்டு நீக்கியதும் போராட்டம் மூண்டது. இன்றைய நீண்ட பட்டியல்கள் சும்மா வந்தவை அல்ல.

எங்கிருந்து தொடங்குவது என்றால், பிடித்த படத்தின் ஒரு சிறு பகுதியை யூடியூபில் போட்டு நிறுத்துங்கள். கணினி விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசை ஒரு ஃபிரேம் முன்னே நகர்த்தும், காற்புள்ளி விசை ஒரு ஃபிரேம் பின்னே. சண்டைக் காட்சி வேண்டாம். யாராவது உட்காரும் இடத்தையோ கதவைத் திறக்கும் இடத்தையோ தேர்ந்தெடுத்து, இடுப்பு எப்போது நகர்கிறது, கண் எப்போது நகர்கிறது என்று மட்டும் பாருங்கள்.