மடகாஸ்கர் போச்சார்ட் வாத்து: குஞ்சு பொரிக்கிறது, பிழைப்பதில்லை ஏன்? (கேள்வி பதில்)

இந்த இனம் அழிந்துவிட்டது என்று படித்தேன். பிறகு இருக்கிறது என்கிறார்கள். எது சரி?

1991-ல் மடகாஸ்கரின் அலாவோத்ரா ஏரியில் ஒரே ஓர் ஆண் வாத்து பிடிபட்டது. அதற்குப் பின் 15 ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 2006 நவம்பரில் வட மடகாஸ்கரின் பெமனெவிகா பகுதியில், மட்சபோரிமேனா என்ற எரிமலைவாய் ஏரியில் ஒரு சிறு கூட்டம் தென்பட்டது. இன்றும் மிக அருகிய இனம்தான்.

அலாவோத்ராவில் அழிந்ததற்கு வேட்டைதானே காரணம்?

வேட்டையும் உண்டு. அதை மட்டும் நிறுத்தியிருந்தாலும் வாத்து மிஞ்சியிருக்காது. சுற்றுமலைக் காடுகள் போனதும் மழைக்கு மழை செம்மண் அடித்து வந்து ஏரியில் படிந்தது. கூடு கட்ட மறைவு தந்த கரையோரக் கோரையும் நாணலும் நெல்வயலாயின. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட திலாப்பியா மீன் நீர்ச்செடிகளைத் தின்றது, கெண்டை வகை மீன் அடிச்சேற்றைக் கிளறியது.

செவுள் வலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது மீனுக்கு விரித்த வலைதான். ஆனால் முங்கி இரை தேடும் பறவை அதில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகும். அதே ஏரியின் அலாவோத்ரா முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை 2010-ல் அழிந்த இனமாக அறிவிக்கப்பட்டதற்கும் இந்த வலைகள் ஒரு காரணம்.

மட்சபோரிமேனாவில் மனிதத் தொந்தரவு குறைவு என்கிறார்கள். பிறகு ஏன் பெருகவில்லை?

பட்டினி. முட்டை பொரிகிறது, குஞ்சுகளில் சுமார் 96 சதவீதம் இரண்டு, மூன்று வார வயதில் இறந்துவிடுகின்றன. பொரித்த புதிதில் குஞ்சு நீர்ப்பரப்பிலும் ஓரத்திலும் கிடைக்கும் பூச்சிகளைத் தின்று சமாளிக்கும். வளர வளர, முங்கி அடிமண்ணில் உள்ள பூச்சிப் புழுக்களைத் தேட வேண்டும். எரிமலைவாய் ஏரியின் கரையோ சட்டென்று ஆழத்தில் இறங்குகிறது. குஞ்சு எட்டக்கூடிய ஆழமுள்ள அடித்தளம் குறுகிய பட்டையாகத்தான் இருக்கிறது. ஆக, வாத்து அங்கே எஞ்சியது ஏரி நல்லது என்பதால் அல்ல, அது ஒதுக்குப்புறமாக இருந்ததால்தான்.

அப்படியானால் வளர்த்து அங்கேயே விட்டால் என்ன?

வீண். தீனி இல்லாத ஏரியில் கூடுதல் வாயை இறக்குவது போல்தான். 2009-ல் கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்து, பொரித்து, வளர்ப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்தார்கள். அந்த வழிவந்த 21 இளம் வாத்துகளை 2018 டிசம்பரில் ஆழம் குறைந்த சோஃபியா ஏரியில் விட்டார்கள்.

நேரடியாகத் திறந்துவிட்டார்களா?

இல்லை. ஸ்காட்லாந்தின் சால்மன் பண்ணைக் கூண்டுகளை மாற்றியமைத்து, ஏரி மீதே மிதக்கும் கூண்டுகளில் முதலில் வைத்தார்கள். பறக்கத் தொடங்கும் முன்பே அந்த நீர் பழகிவிட்டால் ஏரியை விட்டு ஓடாது. திறந்துவிட்ட பிறகும் மிதக்கும் தட்டுகளில் தீனி வைத்தார்கள்.

சோஃபியாவில் மனிதர்கள் இல்லையா?

இருக்கிறார்கள், உழவும் மீன்பிடியும் நடக்கின்றன. அங்கே வேலி போட்டுக் காப்பது நடக்காத காரியம். கூடு கட்டும் சதுப்பை எரிக்காமல் விடுவது, வாத்து இரை தேடும் இடத்தில் வலை விரிக்காதது, வயல் மண் ஏரிக்கு வராமல் தடுப்பது என மூன்றையும் ஊராருடன் பேசி முடிவு செய்ய வேண்டும். மூன்றில் மண்ணரிப்புதான் கடினம். வலையை ஒரே நாளில் எடுத்துவிடலாம், படிந்த வண்டலை எடுக்க முடியாது.

இவ்வளவு குறைந்த பறவைகளிலிருந்து வந்தால் இரத்த உறவுச் சிக்கல் வராதா?

வரும். அதனால்தான் எந்த ஆணோடு எந்தப் பெண் என்று வம்சாவளி பார்த்து இணை சேர்க்க வேண்டும்.