அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார், பில்லைக் கட்டியே ஆக வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு வயது 71, ஒரிஜினல் மெடிகேர் (அமெரிக்க அரசே நேரடியாக நடத்தும் முதியோர் மருத்துவக் காப்பீடு). மார்ச் 4 அன்று முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. இரண்டு வாரத்தில் தையல் பிரித்தார்கள். ஏப்ரல் 9 அன்று தையல் போட்ட இடம் சிவந்திருக்கிறதே என்று போனோம். அவருடைய டாக்டர் விடுப்பு. அதே கிளினிக்கின் இன்னொரு எலும்பு டாக்டர் பார்த்து, எக்ஸ்ரேயும் எடுத்தார். இப்போது இரண்டு முறைக்கும் தலா 165 டாலர் பில். மெடிகேர் தராவிட்டால் நானே கட்டுகிறேன் என்ற தாளில் அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த 330 டாலரைக் கட்டாதீர்கள்.

மூட்டு மாற்று மெடிகேர் கணக்கில் பெரிய ஆபரேஷன். அதற்கு முந்தைய நாள், ஆபரேஷன் நாள், பிறகு 90 நாள், ஆக 92 நாளுக்கும் சேர்த்துத்தான் சர்ஜனுக்கு ஒரே கட்டணம். இதைத்தான் குளோபல் பீரியட் என்கிறார்கள். அம்மாவுக்கு அது ஜூன் 2 வரை. தையல் பிரிப்பது, புண்ணைப் பார்ப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். 99024 என்ற கோடு (சேவையைக் குறிக்கும் எண்) போட்டு, கட்டணம் இல்லை என்று மூடியிருக்க வேண்டிய கணக்கு இது.

பார்த்தது வேறு டாக்டர்தானே என்பார்கள். ஒரே குரூப் (சேர்ந்து தொழில் நடத்தும் டாக்டர்கள்), ஒரே துறை என்றால் மெடிகேருக்கு இருவரும் ஒருவர்தான். புண் சிவந்தது சிக்கல்தானே என்றும் சொல்லலாம். ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்பப் போகாத வரை, சர்ஜன் தரப்பில் அந்தச் சிக்கலுக்கான வைத்தியமும் அதே கட்டணத்தில் அடக்கம். (தனியார் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சில கம்பெனிகள் சிக்கலைத் தனியாகக் கணக்கிடும்.)

சரி, கையெழுத்து? மெடிகேர் மறுக்கக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரிக்கும் தாள் அது. அதற்கு இடம் உண்டு, ஆனால் இங்கே இல்லை. ஏற்கெனவே மொத்தக் கட்டணத்தில் அடங்கிய சேவையை நோயாளி தலையில் கட்ட அந்தத் தாளைப் பயன்படுத்தக் கூடாது என்பது மெடிகேரின் விதி. வரவேற்பு மேஜையில் நீட்டியதை வாசிக்காமல் போட்ட கையெழுத்துக்காக அம்மாவைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

எக்ஸ்ரே வேறு கதை. அது தனி பில். டிடக்டிபிள் (வருடத்தில் முதலில் நோயாளியே கட்ட வேண்டிய தொகை) முடிந்திருந்தால் அம்மாவின் பங்கு 20 சதவீதம். ஃபிசியோதெரபிக்கும் அப்படியே.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 9 அன்று அம்மா தோள்வலியையும் சொல்லி, டாக்டர் அதற்கும் தனியாக வைத்தியம் பார்த்தாரா? அப்படியென்றால் 24 என்ற மாடிஃபையர் (கோடுடன் ஒட்டும் துணை எண்) சேர்த்து, ஆபரேஷனுக்குச் சம்பந்தமில்லாத வருகை என்று பில் போட அவர்களுக்கு உரிமை உண்டு. அதனால் முதலில் கோடுகளோடு முழு விவரப் பில்லைக் கேளுங்கள். எந்த நோய்க்கான வருகை என்று சொல்லும் கோடு முழங்காலையே காட்டினால் விஷயம் முடிந்தது.

மெடிகேரிலிருந்து வரும் கணக்குத் தாளில், உங்களிடம் அதிகபட்சம் எவ்வளவு கேட்கலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த இரண்டு தேதிக்கும் அங்கே பூஜ்யம் இருந்தால், அந்தப் பக்கத்தை நகலெடுத்து, பில்லை ரத்து செய்யக் கேட்டு கிளினிக்குக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். போனில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். பூஜ்யம் இல்லையென்றால், தாள் கைக்கு வந்த 120 நாளுக்குள் மெடிகேருக்கு அப்பீல் போடுங்கள்.