வெயில்ல கொசு செத்துப்போகாதா?

கேள்வி: அண்ணே, எம் மகன் காலேஜ்ல சாட்டிலைட் வெப்பநிலை டேட்டாவ வச்சு மலேரியா, டெங்கு எங்க பரவும்னு மேப் போடுறானாம். நம்ம ராமநாதபுரம் கடக்கரை பூராவும் செவப்பா இருக்கு. இந்த வெயில்ல மனுசனே கருகிப் போறான், கொசு எப்படிண்ணே பொழைக்கும்?
- தங்கச்சிமடம் வாசகி

பதில்: தங்கச்சிமடங்கிறதால தங்கச்சின்னே கூப்பிடுறேன்மா. மேப்புல பாக்குறது கொசுவ இல்ல, கொசு வயித்துக்குள்ள இருக்குற கிருமிய. ஃபால்சிபாரம்னு ஒரு மலேரியாக் கிருமி, 16 டிகிரிக்குக் கீழ போனா வளரவே வளராது, 20 டிகிரியில வளந்து முடிக்க கிட்டத்தட்ட 4 வாரம் ஆகும், அதுக்குள்ள பெரும்பாலான கொசு செத்தே போயிரும், ஆனா 26 டிகிரின்னா 11 நாள்ல ரெடி. அதான் கொடைக்கானல் வெளுப்பா தெரியுது, நாம செவப்பா தெரியுறோம்.

வெயில் ஏறினா கொறையும்ங்கறதும் நெசந்தான், டெங்குக்கு 29 டிகிரி பக்கம்தான் தோது, 35 தாண்டுனா மளமளன்னு எறங்கிரும். ஆனா சாட்டிலைட் அளக்குறது தரையோட சூட்ட, அதுவும் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கட்டம்னு. மத்தியானம் மணல் கொதிக்கிறப்ப கொசு ஒங்க கட்டிலுக்கு அடியில, தொங்குற கைலிக்குப் பின்னாடி சொகமா உக்காந்திருக்கும், அதுக்கென்ன வெயில்?

இன்னொன்னு, நம்ம பக்கம் வருசம் பூராவும் சூடு போதுமான அளவுக்கு இருக்கு, அதனால மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் வித்தியாசம் வெப்பநிலையில தெரியாது, தண்ணியிலதான் தெரியும். கெணறு உப்பு, கொழாய்த் தண்ணி எப்ப வரும்னு தெரியாது, அதனால டிரம்லயும் சிமெண்ட் தொட்டியிலயும் புடிச்சு வைக்கிறோம். டெங்குக் கொசு அங்கதான் முட்ட போடும், மலேரியா பரப்புற ஸ்டீபன்சி கொசுவுக்கு மூடாத கெணறும் மாடி டேங்க்கும் போதும். கரையில ஏத்திப் போட்ட வள்ளத்துல தேங்குற மழைத்தண்ணியயும் விட்றாதீங்க.

டிரம்ம கவுத்துட்டா மட்டும் போதாதும்மா, டெங்குக் கொசு முட்ட தண்ணி மட்டத்துக்கு மேல உள்சுவர்ல ஒட்டிக்கிட்டு காஞ்சாலும் மாசக்கணக்குல கெடக்கும், திரும்ப தண்ணி ஊத்துனா பொரிச்சிரும். வாரம் ஒரு தடவ தேங்கா நார் போட்டு நல்லா அழுத்தித் தேச்சுக் கழுவுங்க, ஏன்னா முட்ட கொசுவாக நம்ம சூட்டுக்கு ஒரு வாரம், பத்து நாள்தான்.

மகன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க, எந்தத் தெருவுக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி வருதுன்னு கேட்டு அத அந்த மேப்பு மேல போட்டுப் பாக்கச் சொல்லுங்க. வந்தா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்கம்மா.